ஏற்றத்தில் இழுக்கும் வண்டிக்கு எந்த எண்ணெய்?

(சாரதிகளும் அவர்களது குடும்பத்தாரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

காலையில் பிரட்டுக்கு நின்று, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு இந்த நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நேரே விசயத்துக்கு வருகிறோம். இன்று நாம் பேசப்போவது வண்டிக்கு அடிக்கிற எண்ணெயைப் பற்றி.

"இதைச் சாரதிமாருக்குச் சொன்னால் போதாதா, எங்களுக்கு எதுக்குங்க?" என்று அம்மாமார் கேட்கலாம். காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் தோட்டத்தில் வண்டி என்றால் அது தோட்டத்து லொறி, தோட்டத்து டிரக்டர். எண்ணெய் அடிப்பதும் பழுது பார்ப்பதும் ஆபீஸ் பாடு. இன்றைக்கு அப்படி இல்லை. எத்தனையோ லயங்களின் வாசலில் முச்சக்கர வண்டி நிற்கிறது. சின்ன வேன், சின்ன லொறி வைத்து மரக்கறி ஏற்றுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வண்டிக்கு முற்பணம் எங்கிருந்து வந்தது? பல வீடுகளில் அம்மாவின் சேமலாப நிதியிலிருந்து வந்தது, நகையை அடகு வைத்து வந்தது. மாதா மாதம் லீசிங் கட்ட வேண்டும். எஞ்சின் பழுதாகி ஒரு மாதம் வண்டி நின்றால் முழுக் குடும்பமும் நின்றுபோகும். அதனால்தான் வீட்டிலுள்ள எல்லோருமே இதைக் கேட்க வேண்டும் என்கிறோம்.

மலைநாட்டில் வண்டி வைத்திருப்பவர்களிடம் இரண்டு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. ஒன்று, "ஏற்றத்தில் பாரம் இழுக்கணும்னா 95 அடிச்சாத்தான் சரி, அதுலதான் சக்தி கூட" என்பது. மற்றது, "கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தா என்ன, வண்டி ஓடத்தானே செய்யுது" என்பது. முதலாவது பேச்சால் பணம் வீணாகிறது. இரண்டாவது பேச்சால் எஞ்சினே வீணாகிறது. இரண்டுமே ஏன் பிழை என்பதை இப்போது பார்ப்போம்.

ஏற்றம் எவ்வளவு பலம் கேட்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வேனும் அதிலுள்ள ஆட்களும் சேர்த்து 1500 கிலோ என்று வைப்போம். பின்னால் 500 கிலோ பாரத்தோடு ஒரு டிரெயிலர் கட்டியிருக்கிறது. மொத்தம் 2000 கிலோ. நல்ல தார் வீதியில், மட்டமான இடத்தில், மெதுவாக இதை உருட்டிக்கொண்டு போக ஏறக்குறைய 30 கிலோ இழுவை போதும். இதே வண்டி பத்தடி போனால் ஓரடி ஏறுகிற ஏற்றத்துக்கு வந்தால், பாரத்தை மேலே தூக்குவதற்கு மாத்திரம் இன்னும் 200 கிலோ இழுவை வேண்டும். 30 கிலோ 230 கிலோவாகிவிடுகிறது. ஏழு மடங்குக்கும் அதிகம்! கினிகத்தேனை ஏற்றமும் றம்பொடை வளைவுகளும் தோட்டத்துக் குறுக்கு வீதிகளும் வண்டியை இப்படித்தான் சோதிக்கின்றன.

பாரத்தை உள்ளே ஏற்றினாலும் பின்னால் கட்டி இழுத்தாலும், ஏறும்போது எஞ்சினுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே டிரெயிலர் இல்லாத முச்சக்கர வண்டிக்காரத் தம்பிமாரும் காதைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். மூன்று பேரையும் இரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேற்கணக்கு லயத்துக்கு ஏறினால் உங்கள் எஞ்சினும் அதே பாட்டைத்தான் படுகிறது.

இப்படி ஏறும்போது சாரதி என்ன செய்கிறார்? பெற்றோல் மிதியை அடிவரைக்கும் மிதிக்கிறார். சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் நிறையப் போகின்றன. அமுக்கம் கூடுகிறது, சூடும் கூடுகிறது. எந்தப் பெற்றோல் என்ற கேள்வி உண்மையில் எழுவது இந்த இடத்தில்தான். மட்டமான வீதியில் வெறும் வண்டியாக ஓடும்போது குறைந்த ரகப் பெற்றோலின் குறை வெளியே தெரியாது. பாரத்தோடு ஏறும்போது தெரிந்துவிடும்.

92, 95 என்பது சக்தியின் அளவு அல்ல

செட்டில் எழுதியிருக்கும் 92, 95 என்ற இலக்கத்துக்கு ஒக்டேன் இலக்கம் என்று பெயர். நிறையப் பேர் இதைச் சக்தியின் அளவு என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஒரு லீற்றர் 92 பெற்றோலிலும் ஒரு லீற்றர் 95 பெற்றோலிலும் இருக்கும் வெப்பசக்தி ஏறக்குறைய ஒன்றுதான். தானாகத் தீப்பிடித்துவிடாமல் பெற்றோல் எவ்வளவு பொறுத்து நிற்கும் என்பதைத்தான் அந்த இலக்கம் சொல்கிறது.

பெற்றோல் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. சரியான நேரத்தில் பிளக் தீப்பொறி விடுகிறது. தீ பிளக்கிலிருந்து ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இதுதான் முறை. ஆனால் சூடும் அமுக்கமும் அளவுக்கு மிஞ்சினால், தீ வந்து சேருமுன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பட்டென்று வெடித்துவிடும். இதைத்தான் கராஜில் "நொக்கிங்" என்கிறார்கள். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி "டக டக டக" என்று எஞ்சினிலிருந்து சத்தம் வரும். ஏற்றத்தில், பெரிய கியரில், மிதியை முழுதாக மிதிக்கும்போது இந்தச் சத்தம் கேட்கும்.

நூறு வருசத்துக்கு முன்பு எஞ்சின் செய்தவர்களுக்கு இதுதான் பெரிய தலையிடி. இங்கிலாந்தில் ஹரி ரிக்கார்டோ என்ற பொறியியலாளரும் அமெரிக்காவில் வேறு பலரும் இதை ஆராய்ந்தார்கள். 1920களில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் இதை அளக்க ஒரு வழி கண்டார். ஐசோஒக்டேன் என்ற திரவம் நொக்கிங்கை நன்றாகத் தாங்கும், அதற்கு 100. ஹெப்டேன் என்ற திரவம் கொஞ்சமும் தாங்காது, அதற்கு 0. நமது 92 பெற்றோல் என்றால், 92 பங்கு ஐசோஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று அர்த்தம்.

சுருக்கமாகச் சொன்னால் ஒக்டேன் என்பது பெற்றோலின் பொறுமை. பொறுமை அவசியமான எஞ்சினுக்கு அது வேண்டும். அவசியமில்லாத எஞ்சினுக்குக் கூடுதலான பொறுமையைக் காசு கொடுத்து வாங்கினால் கூடுதலான இழுவை வராது.

நமது வண்டி எதற்காகச் செய்யப்பட்டது?

எந்தப் பெற்றோல் என்று தீர்மானிப்பது வண்டியைச் செய்தவர். எஞ்சின் கலவையை எவ்வளவு அமுக்குகிறது என்பதைப் பார்த்து அவர் சொல்கிறார். வண்டியோடு வரும் கைந்நூலில் அது இருக்கும். பல வண்டிகளில் பெற்றோல் மூடிக்கு உள்பக்கமும் எழுதியிருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியைப் படிப்பதால் வருசத்துக்கு எத்தனையோ ஆயிரம் ரூபா மிச்சமாகும்.

நமது பகுதியில் ஓடும் சின்ன வேன், சின்ன பெற்றோல் லொறிகளில் நிறைய ஜப்பானிலிருந்து வந்தவை. ஜப்பானில் "ரெகுலர்" என்று விற்கும் சாதாரணப் பெற்றோலுக்குச் சட்டப்படி ஆகக் குறைந்த ஒக்டேன் 89. "ஹைஒக்" என்ற உயர்ந்த ரகத்துக்கு 96. கைந்நூலில் ரெகுலர் என்று இருந்தால் நமது 92 அதற்குத் தாராளம். முச்சக்கர வண்டிகள் பெரும்பாலும் இந்தியாவில் செய்தவை. இந்தியாவில் சாதாரணப் பெற்றோல் நெடுங்காலம் 91ஆக இருந்தது. அதற்கும் 92 போதும்.

கைந்நூலில் 95 அல்லது அதற்கு மேல் கட்டாயம் என்று இருந்தால் 95தான் அடிக்க வேண்டும். அதில் பேரம் பேசக்கூடாது. டர்போ பூட்டிய புதிய பெற்றோல் வண்டிகளில் இது அதிகம். அமெரிக்காவிலிருந்து வந்த கைந்நூல் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே செட்டில் எழுதும் இலக்கத்தை வேறு விதமாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களது 87 நமது 91, 92க்குச் சமம். அவர்களது 91 நமது 95, 96க்குச் சமம். "87தான் கேட்கிறது" என்று நினைத்து மட்டமான எதையும் அடித்துவிடக்கூடாது.

இழுக்கும் லொறியில் சோதித்தவர்கள் கண்டது

அமெரிக்காவில் படகையும் வீட்டு டிரெயிலரையும் இழுப்பதற்குப் பெற்றோலில் ஓடும் பெரிய பிக்கப் லொறிகளைத்தான் அதிகம் பாவிக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியை அங்கே நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ட்ரிப்பிள் ஏ என்ற அமெரிக்க வாகனச் சங்கம் 2016இல் சாதாரணப் பெற்றோலுக்காகச் செய்த வண்டிகளுக்கு உயர்ந்த ரகப் பெற்றோலை அடித்துப் பார்த்தது. சக்தியிலும் எண்ணெய்ச் செலவிலும் சொல்லும்படியான நன்மை எதுவும் கிடைக்கவில்லை.

2017இல் வேறு ரக வண்டிகளைச் சோதித்தார்கள். உயர்ந்த ரகம் அடித்தால் நல்லது, ஆனால் கட்டாயமில்லை என்று செய்தவரே சொல்லும் வண்டிகள் அவை. அவற்றில் சராசரியாகச் சக்தி 1.4 வீதமும், ஒரு லீற்றருக்கு ஓடும் தூரம் 2.7 வீதமும் கூடின. கூடுதல் விலையை ஈடுசெய்ய அது காணாது. ஆனால் போர்ட் நிறுவனம் தனது டர்போ பிக்கப்புக்கான கைந்நூலில், கடும் வெயிலிலும் டிரெயிலர் இழுக்கும்போதும் உயர்ந்த ரகத்தின் பலன் அதிகமாகத் தெரியும் என்று சொல்கிறது. அதற்குக் காரணம் உண்டு. புதிய எஞ்சின்களில் நொக்கிங்கைக் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி இருக்கிறது. சத்தம் வரப்போகிறது என்றால் எஞ்சினின் கணினி தீப்பொறியைக் கொஞ்சம் பிந்தி விடும். எஞ்சின் தப்பிக்கும், ஆனால் இழுவை குறையும். ஒக்டேன் கூடிய பெற்றோல் அடித்தால் அப்படிப் பிந்த வேண்டிய தேவை குறைவு.

பழைய கார்புரேட்டர் வண்டிகளிலும் சாதாரண முச்சக்கர வண்டிகளிலும் பொதுவாக அந்தக் கருவி இல்லை. அங்கே சாரதியின் காதுதான் கருவி. நொக்கிங் சத்தத்தைக் கேட்டும் கேளாத மாதிரி ஓட்டினால் பிஸ்டன் சூடேறித் தேயும், கடைசியில் ஓட்டையும் விழும். அதைத் திருத்தக் கொடுக்கும் காசில் எத்தனை மாத லீசிங் கட்டலாம் என்று கராஜ் பாஸிடம் கேட்டுப் பாருங்கள்.

உயரத்தில் காற்று மெலிவு

இதில் மலைநாட்டுக்கென்றே ஒரு விசேசம் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர், அதாவது 6000 அடிக்கும் மேலே. உயரத்தில் காற்று மெலிவு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 அடிக்கும் தன் பலத்தில் ஏறக்குறைய 3 வீதத்தை இழக்கிறது. கொழும்பில் நன்றாக இழுத்த வண்டி நுவரெலியாவில் 17, 18 வீதம் பலம் குறைந்து நிற்பதற்கு இதுதான் காரணம். "வண்டி இழுக்குதில்லை, 95 அடிச்சுப் பார்ப்போம்" என்று தம்பிமார் நினைப்பது இங்கேதான். ஆனால் குறைந்தது காற்று. அதைப் பெற்றோலால் நிரப்ப முடியாது.

காற்று குறைவதால் சிலிண்டருக்குள் அமுக்கமும் குறைகிறது. அதனால் நொக்கிங் வரும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே, டர்போ இல்லாத சாதாரண வண்டிக்கு 95இன் தேவை மேலே குறைவே தவிரக் கூடுவதில்லை.

கணக்கையும் பாருங்கள். 92க்கும் 95க்கும் விலை வித்தியாசம் மாதத்துக்கு மாதம் மாறும். லீற்றருக்கு 40 ரூபா என்று வைப்போம். நாளைக்கு 6 லீற்றர் அடிக்கும் வண்டி மாதத்தில் 25 நாள் ஓடினால் 6000 ரூபா. அது எத்தனை நாள் பேருக்குச் சமம் என்று அம்மாமாருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

92 சரியாக இருக்கும் வண்டியில் நொக்கிங் சத்தம் வந்தால் என்ன செய்வது? முதலில் கியரைக் குறையுங்கள். அதிக பாரத்தில் பெரிய கியரில் எஞ்சினைத் திணற விடுவதுதான் பெரும்பாலும் காரணம். ஏற்றம் தொடங்குமுன்பே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும். பிறகு ரேடியேட்டர் தண்ணீர், எஞ்சின் ஒயில், பிளக், தீப்பொறி நேரம், உள்ளே கரி படிந்திருக்கிறதா என்பதையெல்லாம் பாஸிடம் காட்டுங்கள். அதுவரைக்கும் ஒரு டாங்கிக்கு 95 அடித்துச் சமாளிப்பதில் தப்பில்லை. ஆனால் காய்ச்சலுக்குப் பனடோல் போட்ட மாதிரித்தான் அது. நோயைப் பார்க்காமல் விட்டால் நோய் போகாது.

மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம்

2022இல் நாம் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. செட்டில் இரவு பகலாக வரிசை. ஜூலை மாதம் கியூஆர் குறியீட்டு முறை வந்து அளந்து கொடுத்தார்கள். அந்த ஜூன் மாதக் கடைசியில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபா, 92 பெற்றோல் 470 ரூபா. அப்போது மண்ணெண்ணெய் 87 ரூபா. ஐந்து மடங்கு வித்தியாசம்! ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெயை 340 ரூபாவாக்கினார்கள். வண்டிகளுக்குள் ஊற்றப்பட்ட மண்ணெண்ணெய்க்கும் சேர்த்து, அடுப்புக்கும் விளக்குக்கும் அதை நம்பியிருந்த லயத்துக் குடும்பங்கள்தான் விலை கொடுத்தன.

விலை வித்தியாசம் இருக்கும் வரைக்கும் கலப்பதற்கு ஆசையும் இருக்கும். அதனால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிக மிகக் குறைவு. பெற்றோலில் அதைக் கலந்தால் 92 என்பது எவ்வளவுக்கு இறங்கியது என்று உங்களுக்கே தெரியாது. ஏற்றத்தில் உடனே நொக்கிங் பிடிக்கும். அதோடு மண்ணெண்ணெய் சுலபமாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் தண்ணியாக்கிவிடும். பிளக்கில் கரி பிடிக்கும், புகை கக்கும். டீசலில் கலந்தாலும் நன்மை இல்லை. டீசல் பம்புக்கு வழுவழுப்பைக் கொடுப்பது டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துபோகும். லீற்றருக்குக் கிடைக்கும் சக்தியும் குறையும்.

போத்தலில் பெற்றோல் வாங்குபவர்கள் ஒன்று செய்யலாம். நெருப்புப் பக்கத்தில் இல்லாத வெளியிடத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெற்றோல் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆவியாகிப் போகும், கறை நிற்காது. எண்ணெய்க் கறை நின்றால் சந்தேகப்பட வேண்டும். செட்டில் அடிக்கும்போது துண்டு கேட்டு வாங்குங்கள். கலப்படம் என்று நினைத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

கொழுந்து டிரக்டருக்கு டீசல்

மடுவத்திலிருந்து ஸ்டோருக்குக் கொழுந்து இழுக்கும் டிரக்டரும் லொறியும் டீசலில் ஓடுகின்றன. டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. காற்றை மாத்திரம் பதினாறு, இருபது மடங்கு வரை அமுக்கிச் சூடாக்கி, அதில் டீசலைத் தெளிக்கிறார்கள். உடனே பற்றிக்கொள்ளும். பெற்றோல் தானாகப் பற்றாமல் பொறுக்க வேண்டும், டீசல் தாமதிக்காமல் பற்ற வேண்டும். அதனால் டீசலுக்கு ஒக்டேன் இல்லை, சீட்டேன் என்ற வேறு அளவு உண்டு. மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுப்பதால்தான் பாரம் இழுக்கும் வேலைக்கு டீசலை வைத்திருக்கிறார்கள்.

பழைய டிரக்டருக்கு ஒட்டோ டீசல் போதும். புகை வடிகட்டும் கருவி பூட்டிய புதிய டீசல் வண்டிகளுக்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் வேண்டும் என்று கைந்நூலில் இருந்தால் அதைத்தான் அடிக்க வேண்டும். தவறி டீசல் வண்டிக்குப் பெற்றோலோ, பெற்றோல் வண்டிக்கு டீசலோ அடித்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளி ஓரமாக்கி, டாங்கியை இறக்கிக் கழுவினால் செலவு கொஞ்சத்தோடு போகும். ஸ்டார்ட் பண்ணினால் பம்பு வரைக்கும் போய்விடும்.

காம்பராவுக்குள் பெற்றோல் வைக்காதீர்கள்

2022க்குப் பிறகு கான்களில் பெற்றோல் சேர்த்து வைக்கும் பழக்கம் சில வீடுகளில் தங்கிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். பெற்றோலின் ஆவி காற்றை விடக் கனமானது. அது தரையோடு ஊர்ந்து அடுப்படிக்குப் போகும். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு அந்தக் காம்பராவோடு நிற்காது. ஒரே கூரை, ஒரே முகடு. பத்துக் குடும்பத்தின் பிள்ளைகளும் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் அதற்குள்தான் இருக்கின்றன. மழைக்காலத்துக்கு என்று நாலு லீற்றரைக் கட்டிலுக்குக் கீழே வைப்பது முழு லயத்தையும் பணயம் வைப்பது.

மிச்சக் காசு பிரேக்குக்கு

ஏற்றத்தில் பெற்றோல் சரியில்லை என்றால் வண்டி திணறும், நிற்கும். ஆட்கள் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் பிரேக் சரியில்லை என்றால் தள்ளுவதற்கு ஆட்கள் மிஞ்சமாட்டார்கள். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதி இறக்கத்தில் பஸ் ஒன்று வேன் ஒன்றிலும் முச்சக்கர வண்டி ஒன்றிலும் மோதி ஏழு பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை.

எண்ணெய் மிச்சம் பிடிக்கலாம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை இன்றோடு விடுங்கள். இன்ஜெக்டர் வைத்த எஞ்சின்களில், கியரில் போட்டு மிதியை விட்டு இறங்கினால் பெரும்பாலும் எண்ணெய் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் எரிகிறது. ஆக, நியூட்ரலில் மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

டிரெயிலர் கட்டினால் இன்னும் கவனம். ஏறும்போது பின்னால் இழுத்த பாரம் இறங்கும்போது முன்னால் தள்ளும். பாரத்தில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் நிற்கும்படி முன்பக்கம் கொஞ்சம் கூட ஏற்றுங்கள். பின்பக்கம் கனத்தால் டிரெயிலர் வாலை ஆட்டும். கொக்கி முளையையும் சங்கிலியையும் புறப்படும் முன்பு ஒவ்வொரு முறையும் பாருங்கள். கொழுந்து மூட்டைக்கு மேலே ஆட்கள் ஏறக்கூடாது. "கால் வலிக்குது, தம்பி, மடுவத்து வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போப்பா" என்று அக்காமார் கேட்பார்கள். மனம் இளகும். ஆனால் டிரெயிலர் சரிந்தால் அவர்கள் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று சொல்வதுதான் அவர்களுக்குச் செய்யும் உதவி.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். இன்று வீட்டுக்குப் போனதும் பெற்றோல் மூடியைத் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 92 போதும் என்றால் 92 அடியுங்கள். 95 கட்டாயம் என்றால் 95 அடியுங்கள். மண்ணெண்ணெயை அடுப்புக்கும் விளக்குக்கும் விடுங்கள். தேவையில்லாத 95ஐ நிறுத்தியதால் மிஞ்சும் காசை ஒரு டப்பாவில் போட்டு வாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நல்ல பிரேக் பட்டைக்குக் காசு சேர்ந்துவிடும், பிறகு டயருக்கும் சேரும். அந்த டப்பாவை அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்து வையுங்கள். அவர்கள் கையில் இருந்தால் அது வேறு வழியில் போகாது.

வண்டி மலை ஏறுவதும் பத்திரமாக இறங்குவதும் குடும்பத்தின் சோறு.